அரசியல் அறிவியல் படிக்கப் போகும் எல்லையோரப் பிள்ளைகளுக்கு

(பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் உள்ள கொழிஞ்சாம்பாறையில் பிளஸ் டூ மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைக்கு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம்.

“பொலிட்டிக்கல் சயின்ஸ் படிச்சா கட்சியிலதான் சேரணுமா?” என்று நம் பக்கத்து வீடுகளில் இன்றும் கேட்கிறார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. யாருக்கு என்ன அதிகாரம், அது எந்தத் தாளில் எழுதியிருக்கிறது, அந்தத் தாளை மீறினால் தட்டிக் கேட்பது யார் என்று மூன்று கேள்விகளை விடாமல் கேட்கப் பழக்கும் படிப்பு அது. ஊருக்குள் கேட்டால் அரசியல் அறிவியல். நாடுகளுக்கிடையே கேட்டால் பன்னாட்டு உறவுகள்.

சித்தூர் தாலுகாக்காரர்கள் இதற்கு உதாரணம் தேடி டெல்லிக்குப் போக வேண்டாம். பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடும் கேரளமும் 1970 மே 29 அன்று அதில் கையெழுத்திட்டன. ஆனால் 1958 நவம்பர் 9 முதலே அது நடைமுறைக்கு வந்ததாகக் கணக்கு. சித்தூர்ப்புழைப் பாசனத்துக்காக ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவு அணைக்கட்டில் வந்து சேர வேண்டும். தண்ணீர் ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். முப்பது ஆண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு.

டீக்கடையில் இதைப் பற்றிப் பேசினால், “அவங்க தர்றதில்ல” என்று ஒருவர், “தந்தாச்சு” என்று இன்னொருவர். அரசியல் மாணவர் அங்கே கேட்க வேண்டியது வேறு. 7.25 என்பது ஆண்டுக் கணக்கு. பயிருக்குத் தண்ணீர் வேண்டிய மாதத்தில் வராமல், மழை மாதத்தில் மொத்தமாக வந்தால்? அளவு நிறைந்துவிடும், வயல் காய்ந்துவிடும். அப்படியானால் எந்தக் காலத்தில் எவ்வளவு என்று முடிவு செய்வது யார்? இரு மாநிலப் பொறியாளர்கள் உட்காரும் கூட்டு நீர் ஒழுங்குமுறை வாரியம். அங்கே ஒத்துப் போகாவிட்டால் விஷயம் யாரிடம் போகும்? முதல் மறுஆய்வு 1988-இலேயே முடிந்திருக்க வேண்டும். புது ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை. மறுஆய்வு செய்ய வேண்டும் என்று எழுதுகிறவர்கள், உடன்பாடு வராவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் எழுதாமல் விட்டால், பழைய ஏற்பாடே ஓடிக்கொண்டிருக்கும். எந்த ஒப்பந்தத்தைப் படித்தாலும் இந்த இடத்தை முதலில் தேடுங்கள். பெரும்பாலான சச்சரவு அங்கேதான் கிடக்கிறது.

இதே கண்ணோடு சிந்து நதி ஒப்பந்தத்துக்குப் போங்கள். 1960 செப்டம்பர் 19 அன்று கராச்சியில் நேருவும் அயூப் கானும் கையெழுத்திட்டார்கள். உலக வங்கியும் கையெழுத்திட்டது. இங்கே நாம் தண்ணீரை அளந்து பங்கிட்டோம், அங்கே ஆறுகளையே பங்கிட்டார்கள். ராவி, பியாஸ், சட்லெஜ் இந்தியாவுக்கு. சிந்து, ஜீலம், செனாப் ஆகியவற்றின் நீர், சில வரையறுத்த பயன்பாடுகள் போக, பாகிஸ்தானுக்கு. தகராறு வந்தால் முதலில் இரு நாட்டு ஆணையர்கள், அடுத்து நடுநிலை நிபுணர், அதற்கும் மேலே நடுவர் மன்றம் என்று படிப்படியாக எழுதி வைத்திருக்கிறார்கள். 1965, 1971, 1999 போர்களைத் தாண்டி அது நின்றது. பஹல்காம் தாக்குதலுக்கு மறுநாள், 2025 ஏப்ரல் 23 அன்று, அதை நிறுத்திவைப்பதாக இந்தியா அறிவித்தது. ஒரு தரப்பு மட்டும் நிறுத்திவைக்க அந்த ஒப்பந்தத்தில் தனிப் பிரிவு கிடையாது. சரியா தவறா என்று பேசுவதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொண்டு பேசுகிறவர்தான் இந்தப் படிப்பைப் படித்தவர்.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பெரிய வேறுபாடு ஒன்று புலப்படும். மாநிலங்கள் முட்டிக்கொண்டால் மேலே உச்ச நீதிமன்றம் இருக்கிறது; அரசியலமைப்பின் 131-ஆம் பிரிவு அதற்கு வழி. நதிநீருக்கென்று 262-ஆம் பிரிவும், அதன் கீழ் 1956-இல் வந்த சட்டமும் தீர்ப்பாயத்துக்கு வழி செய்கின்றன. முல்லைப்பெரியாற்றில் 2006 பிப்ரவரியில் 142 அடி வரை தேக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். அடுத்த மாதமே கேரள சட்டமன்றம் 136 அடி என்று சட்டத்தைத் திருத்தியது. 2014 மே 7 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தம் செல்லாது என்று தீர்த்தது. நாடுகளுக்கு மேலே இப்படி ஒரு கட்டாய நீதிமன்றம் இல்லை. ஹேக் நகரில் இருக்கும் பன்னாட்டு நீதிமன்றம், ஒரு நாடு ஏதாவது ஒரு வகையில் சம்மதம் தந்திருந்தால்தான் அதன் வழக்கை விசாரிக்க முடியும். பன்னாட்டு உறவுகள் பாடம் முழுக்க இந்த ஒரு உண்மையிலிருந்து கிளைப்பதுதான்.

கோட்பாடுகள் பிறந்ததும் இங்கேதான். யதார்த்தவாதி மேல்மடையில் இருப்பவரின் பலத்தைப் பார்ப்பார். தாராளவாதி, மூன்று போரிலும் ஒப்பந்தம் எப்படித் தாங்கியது என்று அமைப்புகளைப் பார்ப்பார். ஆறு எப்போது நாட்டின் மானப் பிரச்சினையானது என்று கேட்பவர் மூன்றாமவரான கட்டமைப்புவாதி. மாணவர்கள் மதிப்பெண் இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில். “இது யதார்த்தவாதத்தைக் காட்டுகிறது” என்று சீட்டு ஒட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்தக் கோட்பாடு எதை விளக்கவில்லை என்று எழுதினால்தான் அது விடை.

அடுத்த தவறு, பாதித் தாளை மட்டும் படிப்பது. கச்சத்தீவைப் பேசுகிறவர்களில் எத்தனை பேர் இரண்டு ஆவணங்களையும் பார்த்திருப்பார்கள்? 1974 ஒப்பந்தத்தின் 5-ஆம் பிரிவு, நம் மீனவர்களும் யாத்திரீகர்களும் விசா இல்லாமல் தீவுக்குப் போய்வர இடம் தருகிறது. 1976 மார்ச்சில் பரிமாறிய கடிதங்களோ, ஒரு நாட்டுப் படகு மற்ற நாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்கின்றன. ஒன்றை மட்டும் படித்தவரின் வாதம் பாதியில் அறுந்துவிடும். தண்ணீர் மாநிலப் பட்டியலில் 17-ஆவது இனம் என்று படித்துவிட்டு, மாநிலங்களுக்கிடையே ஓடும் ஆறுகளைப் பற்றிய மத்தியப் பட்டியலின் 56-ஐ விடுவதும் அதே ரகம்.

கல்லூரியில் கிடைக்கும் பாடங்களைச் சுருக்கமாகச் சொன்னால்: அரசியல் கோட்பாடு, இந்திய ஆட்சி முறை, மற்ற நாடுகளோடு ஒப்பீடு, பொது நிர்வாகம், பன்னாட்டு உறவுகள். ஆய்வு முறைகள் என்ற தாளில் கொஞ்சம் புள்ளியியலும் வரும். கணக்கு வேண்டாம் என்று ஹியூமானிட்டீஸ் எடுத்தவர்கள் அங்கே திகைக்கிறார்கள். மாதிரி எடுப்பது, சதவீதம், பிழை வரம்பு, இவ்வளவுதான்; பயப்படத் தேவையில்லை.

வாசிப்புதான் உண்மையான பாரம். இருபது பக்க ஆங்கிலக் கட்டுரையை முதல் வரியிலிருந்து அகராதியோடு படிக்கத் தொடங்கினால் நான்காம் பக்கத்தில் நின்றுவிடுவீர்கள். முதலில் முன்னுரை, துணைத் தலைப்புகள், கடைசி இரண்டு பக்கம். எழுதியவர் என்ன கேள்வி கேட்கிறார் என்று ஒரே வரியில் எழுதுங்கள். பிறகு திரும்பி வந்து, அதற்கு அவர் தரும் சான்று எது என்று மட்டும் தேடுங்கள். கடைசியாகப் புத்தகத்தை மூடிவைத்து 150 சொற்களில் சுருக்கம், தமிழிலேயே எழுதலாம். எழுத வரவில்லையென்றால் புரியவில்லை என்று பொருள். தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் ஒரு நோட்டில் கலைச்சொற்களைத் தமிழ், மலையாளம், ஆங்கிலம் என மூன்று பத்தியாக எழுதி வையுங்கள். முதல் செமஸ்டர் முழுக்க அது கைகொடுக்கும்.

எங்கே படிப்பது? பாலக்காட்டுக் கல்லூரிகள் கோழிக்கோட்டுப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. அலாட்மெண்ட் முறையில் சேர்க்கை. 2024 முதல் கேரளத்தில் நான்காண்டுப் பட்டம். மூன்றாண்டோடு பட்டம் வாங்கிக்கொண்டு வெளியேறவும் செய்யலாம். டெல்லிப் பல்கலைக்கழகம் போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குப் பட்டப்படிப்பில் சேர சி.யூ.இ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், அதைத் தமிழிலும் எழுதலாம். எந்தெந்தப் பாடத் தேர்வு வேண்டும் என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். நல்ல மதிப்பெண் எடுத்தும், தேவையான பாடத்தைத் தேர்ந்தெடுக்காததால் தகுதி இழக்கிற பிள்ளைகள் உண்டு. விண்ணப்பத்துக்கு முன்பே பட்டியலைப் பாருங்கள். டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் (ஜே.என்.யூ.) பன்னாட்டு உறவுகள் எம்.ஏ.வில்தான், அங்கே பி.ஏ. என்றால் அந்நிய மொழிகள். கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்திலும் புதுச்சேரியிலும் இதற்கென்று முதுநிலைத் துறைகள் இருக்கின்றன. பி.ஏ.வில் பரந்த அரசியல் அறிவியலை எடுத்துவிட்டு எம்.ஏ.வில் பன்னாட்டு உறவுகளுக்குப் போவதுதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து. பதினெட்டு வயதில் பாதையைக் குறுக்கிக்கொண்டால், அரசியலமைப்பைச் சரியாகப் படிக்காமலேயே வெளியுறவு பேச வேண்டிவரும்.

வேலை பற்றிப் பெற்றோருக்கு ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். பட்டம் வாங்கியதும் கூப்பிட்டு வேலை தருகிற படிப்பு இது அல்ல. ஐ.எஃப்.எஸ். என்ற வெளியுறவுப் பணி அதிகாரி ஆக இந்தப் பட்டம்தான் வேண்டும் என்றும் இல்லை, யூ.பி.எஸ்.சி.க்கு எந்தப் பட்டமும் போதும். ஆனால் இதை விருப்பப் பாடமாக எடுத்தால் தலா 250 மதிப்பெண்ணுக்கு இரண்டு தாள். நேர்காணலையும் சேர்த்த மொத்தம் 2,025 மதிப்பெண்; அதில் இது 500. கல்லூரி ஆசிரியராக விரும்புகிறவர்களுக்கு எம்.ஏ.வுக்குப் பிறகு நெட் தகுதித் தேர்வு: 150 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம்.

கடைசியாகச் சான்றிதழ். எல்லையோரக் குடும்பங்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஒரு சமூகம் தமிழ்நாட்டுப் பட்டியலில் ஒரு பிரிவிலும் கேரளப் பட்டியலில் வேறு பிரிவிலும் இருக்கலாம். பாலக்காட்டில் வாங்கிய சாதிச் சான்றிதழோடு கோயம்புத்தூர் அரசுக் கல்லூரிக்குப் போனால் ஒதுக்கீடு கிடைக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். பொதுப் பிரிவிலேயே வைப்பார்கள். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு ஓ.பி.சி. சான்றிதழ் மத்திய அரசுப் படிவத்தில், கிரீமிலேயரில் (வசதி படைத்த பிரிவில்) இல்லை என்ற வாசகத்தோடு வேண்டும். உங்கள் சமூகம் கேரளத்துக்கான மத்தியப் பட்டியலில் எந்தப் பெயரில் இருக்கிறதோ, அதே பெயர் எழுத்து மாறாமல் சான்றிதழிலும் இருக்கிறதா என்று விண்ணப்பம் கொடுக்கும்போதே சரிபாருங்கள். ரிசல்ட் வந்த பிறகு ஓடினால் நேரம் போதாது, ஏப்ரலிலேயே கொடுத்துவிடுங்கள்.