சுரங்க வாயிலில் ஓர் உருவம்

நேயர்களுக்கு வணக்கம். விக்டோரியா காலத்துப் பேய்க்கதை என்றதும் பாழடைந்த மாளிகையும் மெழுகுவத்தியும்தான் நினைவுக்கு வரும். அந்தக் காலத்துக் கதைகளில் என்னை அதிகம் உலுக்கிய கதையில் இவை கிடையாது. அதில் இருப்பது ஒரு ரயில் பாதை, ஒரு சுரங்கம், அதன் வாயிலில் ஒரு சிவப்பு விளக்கு. பக்கத்து அறையில் தந்தி இயந்திரத்தோடும் மணியோடும் தன்னந்தனியாக ரயில்களுக்குச் சிக்னல் காட்டும் வேலை பார்க்கும் ஒரு மனிதர். சார்லஸ் டிக்கன்ஸ் 1866 கிறிஸ்துமஸ் மலருக்காக எழுதிய 'சிக்னல்மேன்' கதை அது.

அதற்கு முந்தைய ஆண்டு, 1865 ஜூன் 9 அன்று, டிக்கன்ஸ் பயணம் செய்த ரயில் இங்கிலாந்தின் ஸ்டேபிள்ஹர்ஸ்ட் அருகே விபத்துக்குள்ளானது. பாலத்தில் தண்டவாளத்தைக் கழற்றி வேலை நடந்துகொண்டிருந்தது. மேஸ்திரி ரயில் நேரத்தைத் தப்பாகப் பார்த்துவிட்டார். கொடி காட்டுபவர் 1000 கஜம் தள்ளி நின்றிருக்க வேண்டும். ஏறக்குறைய பாதித் தூரத்தில்தான் நின்றார். 10 பேர் இறந்தார்கள். டிக்கன்ஸ் தொப்பியில் தண்ணீர் மொண்டு வந்து அடிபட்டவர்களுக்குக் கொடுத்தார். அப்புறம் ரயிலில் போவதென்றாலே அவருக்கு நடுக்கம்தான்.

கதைக்கு வருவோம். தன்னைப் பார்க்க வந்த ஒருவரிடம் சிக்னல்காரர் தன் அனுபவத்தைச் சொல்கிறார். அதைக் கேட்பவர்தான் கதைசொல்லி. சுரங்க வாயிலில் ஓர் உருவம் இடது கையால் முகத்தை மறைத்துக்கொண்டு வலது கையை வேகமாக ஆட்டுவதைச் சிக்னல்காரர் பார்க்கிறார். ஆறு மணி நேரத்துக்குள் பெரிய விபத்து. சில மாதம் கழித்து உருவம் மறுபடி வருகிறது. அன்று ஓடும் ரயிலில் ஓர் இளம்பெண் இறந்துபோகிறாள். இப்போது மூன்றாவது முறையாக வந்துவிட்டது.

பேயைவிட இந்த மனிதரின் நிலைமைதான் என்னைப் பதற வைக்கிறது. ஆபத்து வருவது தெரிகிறது. எங்கே, எந்த வண்டிக்கு என்பது தெரியவில்லை. 'ஆபத்து, கவனம்' என்று தந்தி அடித்தால், 'என்ன ஆபத்து? எங்கே?' என்றுதான் பதில் வரும். 'தெரியாது' என்றால் பைத்தியம் என்று வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள். இதைச் சொல்லும்போது அவர் உள்ளங்கையைத் துடைத்துக்கொள்கிறார். ஸ்டேபிள்ஹர்ஸ்டில் ஆபத்து இருந்த இடம் தெரிந்தும் எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. இவருக்கோ எச்சரிக்கை மட்டும் வருகிறது. பழிவாங்க வரும் பழைய ஆவிகளுக்கு அந்தந்த வீட்டு ஆட்கள் பயந்தால் போதும். இங்கே ஒரு சம்பளக்காரரின் தலையில் முகம் தெரியாத பயணிகளின் உயிர்.

கதைசொல்லி படித்தவர். கண் நரம்புக் கோளாறு, தந்திக் கம்பியில் மோதும் காற்று என்று சமாதானம் சொல்லிப் பார்க்கிறார். சிக்னல்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொள்கிறார். பிறகு, தான் இன்னும் சொல்லி முடிக்கவில்லை என்று அவர் கையைத் தொட்டுச் சொல்கிறார். பேயே இல்லை, எல்லாம் மனப்பிரமை என்று வைத்துக்கொண்டு படித்தாலும் அந்த இடத்தில் முதுகு சில்லிடும்.

முடிவையும் சொல்லிவிடுகிறேன், தெரிந்தே படித்தாலும் இந்தக் கதை வலு குறையாது. சிக்னல்காரர் எஞ்சினில் அடிபட்டு இறக்கிறார். அடிபடும் முன் ஓட்டுநர் கத்திய வார்த்தைகளில் சில, அந்த உருவத்தின் கையசைவுக்குக் கதைசொல்லி தன் மனதுக்குள் மட்டும் பொருத்திப் பார்த்தவை. அவற்றை அவர் யாரிடமும் சொன்னதே இல்லை. டிக்கன்ஸ் விளக்கம் எதுவும் தராமல் அங்கேயே கதையை நிறுத்திவிடுகிறார். அடுத்த முறை படிக்கும்போது முதல் பக்கத்தைக் கவனியுங்கள். மேட்டிலிருந்து கதைசொல்லி கூப்பிடுகிறார். சிக்னல்காரர் மேலே பார்க்காமல் திரும்பி ரயில் பாதையைப் பார்க்கிறார்.