கப்ரியெல்லாவின் கையெழுத்து

அவையோருக்கு வணக்கம்.

தீனா அன்செல்மி என்று பெயரைச் சொன்னதுமே 'இத்தாலியின் முதல் பெண் அமைச்சர்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். உங்கள் அழைப்பிதழிலும் அப்படித்தான் போட்டிருக்கிறீர்கள். தப்பில்லை. ஆனால் முதல் ஆளாகப் போய் நாற்காலியில் உட்காருவது ஒரு நாள் சங்கதி. உட்கார்ந்தபின் அந்த அம்மா எதில் எதில் கையெழுத்துப் போட்டார் என்பதைப் பேசத்தான் நான் வந்தேன்.

1944 செப்டம்பர் 26. வட இத்தாலியில் பாசானோ டெல் கிராப்பா என்ற ஊர். ஜெர்மானிய நாஜிப் படையும் முசோலினியின் மிச்சமிருந்த ஆட்களும் அதிகாரம் செலுத்திய பகுதி அது. அன்று 31 கைதிகளை ஊருக்குள்ளேயே, சாலையோர மரங்களில் தூக்கிலிட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்து நிறுத்தி, பார் என்றார்கள். பார்த்தவர்களில் ஒருத்தி தீனா. ஆசிரியப் பயிற்சி மாணவி, வயது 17. பிள்ளைகள் மிரண்டு அடங்கிவிடும் என்று போட்ட கணக்கு. இவளிடம் அது பலிக்கவில்லை. எதிர்ப்புப் படையில் சேர்ந்தாள். சைக்கிளில் ரகசியச் செய்தி கொண்டுபோகும் வேலை. மறைபெயர் கப்ரியெல்லா. மரியாளுக்குச் சேதி சொன்ன தூதர் கபிரியேல், வேலைக்கேற்ற பெயர்தான். பிடிபட்டால் தனக்கும் ஒரு மரம் காத்திருக்கிறது என்று தெரிந்தேதான் மிதித்தாள்.

உலகத்தை மாற்ற வேண்டுமென்றால் நாம் அங்கே இருந்தாக வேண்டும் என்பது அந்தக் காலையில்தான் தனக்குப் புரிந்தது என்று பின்னாளில் சொன்னார். 'இருப்பது' என்ற அந்த வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

போர் முடிந்தது. பள்ளி ஆசிரியை, தொழிற்சங்கப் பணி, கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி, 1968இல் நாடாளுமன்றம். இதையெல்லாம் வேகமாகக் கடக்கிறேன். 1976 ஜூலையில் பிரதமர் அந்த்ரேயோத்தி அவரைத் தொழிலாளர் நல அமைச்சராக்கினார். அடுத்த ஆண்டே 903ஆம் எண் சட்டம். வேலைக்கு எடுப்பதிலும் சம்பளத்திலும் ஆண், பெண் என்று பிரிக்கக் கூடாது என்றது. அதில் எனக்குப் பிடித்த இடம் வேறொன்று: கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தாய்க்குப் பதிலாகத் தகப்பன் விடுப்பு எடுக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். 1977இல்! இங்கே முன்வரிசையில் சிலர் சிரிக்கிறீர்கள். அங்கேயும் சிரித்திருப்பார்கள்.

பிறகு 1978. மார்ச்சில் சுகாதார அமைச்சர் ஆகிறார். அந்தப் புதிய அமைச்சரவை நம்பிக்கை வாக்குக் கோரிய அதே நாளில், மார்ச் 16 அன்று, அவருடைய கட்சித் தலைவர் ஆல்தோ மோரோவைச் 'சிவப்புப் படைப்பிரிவுகள்' (பிரிகாத்தே ரோஸ்ஸே) என்ற இடதுசாரித் தீவிரவாதக் குழு கடத்தியது. மே 9 அன்று மோரோவின் உடல் ஒரு காரில் கிடந்தது. நான்கே நாள் கழித்து, மே 13 அன்று, 180ஆம் எண் சட்டம் நிறைவேறுகிறது. மனநோயாளிகளைப் பூட்டிவைக்கும் விடுதிகளை மூட வழிசெய்த சட்டம். பிராங்கோ பசாலியா என்ற மருத்துவர் பல ஆண்டுகள் போராடியதன் பலன்.

அதே மே மாதம் 22ஆம் தேதி, கருக்கலைப்பைச் சட்டபூர்வமாக்கிய 194ஆம் எண் சட்டம். தீனா பக்தியுள்ள கத்தோலிக்கர். அவர் கட்சி அந்த மசோதாவை எதிர்த்து வாக்களித்தது. ஆனாலும் நாடாளுமன்றம் நிறைவேற்றிவிட்டால் துறை அமைச்சர் கையெழுத்திட்டாக வேண்டும். போட்டார். பதவியை விட்டு விலகி மனசாட்சியைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், விலகியிருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும், அவ்வளவுதான். ஏனென்றால் அவர் அங்கே 'இருந்ததால்', டிசம்பர் 23 அன்று அவர் பெயரோடு சேர்ந்த இன்னொரு சட்டம் வந்தது: எண் 833, தேசிய சுகாதார சேவை.

அதற்கு முன் இத்தாலியில் வைத்தியம் என்பது தொழிலைப் பொறுத்தது. ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு காப்பீட்டு நிதி. ஒன்றில் கிடைக்கும் சிகிச்சை இன்னொன்றில் கிடைக்காது. பல நிதிகள் கடனில் மூழ்கியிருந்தன. 833 வந்தபின், என்ன வேலை செய்கிறாய் என்ற கேள்வி போய், நோய் என்ன என்ற கேள்விதான் மிச்சம். செலவுக்குப் பொதுப்பணம். சேவையில் குறையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். வடக்குக்கும் தெற்குக்கும் தரத்தில் உள்ள இடைவெளி இன்றும் அங்கே புகைச்சல்தான்.

கடைசியாக ஒன்று. 1981 மார்ச்சில் லிச்சோ ஜெல்லி என்பவரின் அலுவலகத்தைச் சோதனை போட்டபோது அவர் நடத்திய பி2 என்ற ரகசிய அமைப்பின் உறுப்பினர் பட்டியல் சிக்கியது. 962 பெயர்கள். அமைச்சர்கள், ராணுவத் தளபதிகள், உளவுத்துறைத் தலைவர்கள், அன்று வெறும் தொழிலதிபராக இருந்து பின்னாளில் பிரதமரான பெர்லுஸ்கோனி. அரசே கவிழ்ந்தது. விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்க நாடாளுமன்றக் கீழவைத் தலைவர் நீல்தே யோத்தி தேர்ந்தெடுத்தது தீனாவை. யோத்தி கம்யூனிஸ்ட், இவர் எதிர்முகாம். இருவரும் எதிர்ப்புப் படைக் காலத்தவர்கள். மூன்று ஆண்டு உழைத்து 1984இல் அறிக்கை கொடுத்தார். பட்டியல் உண்மையானது, அரசுக்குள் ஒரு மறைமுக அரசு நடந்தது என்றார். சொந்தக் கட்சிக்காரர்களே முகம் சுளித்தார்கள்.

அதற்குப்பின் எந்த அமைச்சரவையிலும் அவருக்கு இடமில்லை. 1992 வரை உறுப்பினராக இருந்தார். 2016 நவம்பர் 1 அன்று, பிறந்த ஊரான காஸ்டெல்பிராங்கோவில், 89 வயதில் காலமானார்.

தலைவர் இரண்டாவது சீட்டும் அனுப்பிவிட்டார். நன்றி, வணக்கம்.