ஒரு சரிவு, ஆறு பொழுது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

தலைப்பு, மலை தரும் மகிழ்ச்சி ஏற்ற பருவத்திலா, எல்லாப் பருவத்திலுமா என்பது. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் மூன்று அம்பு விட்டார். வானம் தெளிந்த இரண்டு மாதம் போதும் என்றார். பனிக்காலத்தில் மலைக்குப் போவது உயிரோடு விளையாடுவது என்றார். கடைசியாக இலக்கணத்தையே சாட்சிக்கு இழுத்தார்: குறிஞ்சிக்குப் பொழுது கூதிரும் முன்பனியும்தானே, மற்ற மாதங்களில் உங்களுக்கு அங்கே என்ன வேலை?

ஐயா, அது காதலர் சந்திக்கக் குறித்த பொழுது. கூடவே யாமம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். நள்ளிரவில் மலையேறச் சம்மதமா என்று அவரிடமே கேளுங்கள் நடுவர் அவர்களே. அதுவும் போகட்டும். கூதிர் என்றால் குளிர்மழை, முன்பனி என்றால் பனி. அவர் கேட்ட தெளிந்த வானம் இரண்டிலுமே இல்லை. சாட்சி எங்கள் பக்கம் வந்துவிட்டார்!

இனி அம்புகளுக்கு வருகிறேன். ஒரே ஒரு சரிவை எடுத்துக்கொள்வோம். வடகோளத்தில் ஏதோ ஒரு பனிமலை. சரிவு கிழக்கு பார்த்தது, சாய்வு 35 டிகிரி, மேலே பாறை முகடு, கீழே ஓடைப் பள்ளம். எதிரணி இதைக் கோடையில் ஒருமுறை பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடும். நாங்கள் ஆறு பொழுதும் பார்க்கிறோம்.

கோடையில் இது வெறும் நடை. ஸ்காட்லாந்தின் வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் கைகொடுக்கிறது: தூரத்தில் 3 மைலுக்கு ஒரு மணி நேரம், உயரத்தில் 2000 அடிக்கு மேலும் ஒரு மணி நேரம். ஒன்பது மைல், நாலாயிரம் அடி ஏற்றம் என்றால் ஐந்து மணி. இதில் ஓய்வு சேரவில்லை, கடினமான இறக்கமும் சேரவில்லை. பலர் சறுக்குவது இங்கேதான். ஏற்றத்துக்குக் கணக்குப் போடுவார்கள், இறக்கத்தை இலவசம் என்று நினைப்பார்கள். இறக்கத்தில் தொடைத்தசை நீண்டுகொண்டே இறுகுகிறது. வலி மறுநாளைவிட அதற்கடுத்த நாள் உச்சத்துக்குப் போவது அதனால்தான். சில வாரங்களுக்கு ஒருமுறை இறங்கிப் பழகிய தொடைக்கு அந்த வலி வெகுவாகக் குறையும். ஆண்டுக்கு ஒருமுறை போகிறவர் ஒவ்வோர் ஆண்டும் அதைப் புதிதாக வாங்குகிறார்.

கால்விரல் நகம் கறுப்பதும் இறக்கத்தில்தான். உச்சியில் உட்கார்ந்து நாடாவைக் கணுக்கால்வரை தளர்த்துங்கள். குதிகாலைத் தரையில் இரண்டு தட்டு தட்டிப் பாதத்தைப் பின்னுக்குத் தள்ளுங்கள். பிறகு கணுக்கால் மடிப்பில் நாடாவை ஒன்றுக்கு இரண்டு முறுக்காக முறுக்கி இறுக்குங்கள். அதற்குக் கீழே, விரல் பக்கம், தளர்வாகவே இருக்கட்டும். இரண்டு நிமிட வேலை.

கோடை முடிந்து பாறை காய்ந்திருக்கும் நாட்களில் அதே சரிவின் மேல்முகடு அழைக்கும். கையும் காலும் ஊன்றி ஏறும் ஸ்க்ராம்ப்ளிங். நான்கில் மூன்று எப்போதும் பாறையில் இருக்க வேண்டும், ஒன்று மட்டும் நகரலாம். பிடிக்கும் கல்லை முதலில் உள்ளங்கையால் தட்டிப் பாருங்கள். வெற்றுக்குடம் போல ஒலித்தால் அது மலையோடு ஒட்டியில்லை. நல்ல கல்லையும் கீழ்நோக்கி அழுத்துங்கள், வெளிப்பக்கம் இழுக்காதீர்கள். இறங்கும்போது கால் வைக்கும் இடம் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே இறங்க முடியாத இடத்தில் ஏறாதீர்கள். மழை நனைத்த பாசிப்பாறையில் இந்தப் பாடம் எதுவும் செல்லாது, அன்றைக்கு நடைபாதைதான்.

இப்போது பனி. உயிரோடு விளையாட்டு என்றாரே, அந்த அம்பு.

இறுகிய பனிப்படலம் பலகையாகப் பெயர்ந்து சரிவதைப் பலகைப் பனிச்சரிவு என்பார்கள். அவற்றில் பெரும்பாலானவை 30 முதல் 45 டிகிரி வரையுள்ள சாய்வில் கிளம்புகின்றன. நம் சரிவு 35. மேற்குக் காற்று முகட்டைத் தாண்டி இந்தப் பக்கம்தான் பனியை வாரிக் கொட்டும்; அது பலகைபோல இறுகி, அடியில் வலுவற்ற படலத்தின்மேல் உட்கார்ந்திருக்கும். மிதித்தால் 'வும்' என்று ஓர் அடக்கமான ஒலி. அடிப்படலம் நொறுங்கிய ஒலி அது. கேட்டதும் தட்டையான இடத்துக்குத் திரும்ப வேண்டும், விவாதமே கூடாது. பட்டிமன்றத்துக்காரர்களுக்கு இது கஷ்டம்தான்!

சாய்வை எப்படி அறிவது? ஒரே நீளமுள்ள இரண்டு ஊன்றுகோல் போதும். ஒன்றைச் செங்குத்தாக நிறுத்துங்கள். அதன் சரிபாதி உயரத்தில் மற்றொன்றை வைத்து மேட்டுப்பக்கம் படுக்கையாக நீட்டுங்கள். நுனி மட்டும் பனியைத் தொட்டால் சாய்வு சுமார் 27 டிகிரி. நுனிக்கு முன்பே கோல் பனியில் முட்டினால் அதைவிடச் செங்குத்து, முப்பதை நெருங்குகிறோம் என்று பொருள். இந்தச் சோதனையைச் சரிவில் நின்று செய்யக்கூடாது. பக்கத்தில் அதே சாய்வுள்ள, பத்தடிகூட உயரமில்லாத மேட்டில் செய்யுங்கள்.

ஐரோப்பாவில் 1993 முதல் பனிச்சரிவு அபாயத்தை ஐந்து படியாகச் சொல்கிறார்கள். நான்கு, ஐந்து என்றால் எல்லோரும் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். ஆளை அதிகம் விழுங்குவது மூன்று. வானம் நீலமாக இருக்கும், பனி பளபளக்கும், எண்ணும் நடுவில்தானே இருக்கிறது என்று தோன்றும். அபாயம் பனியில் பாதி என்றால் அந்த நினைப்பில் பாதி.

போகிற ஒவ்வொருவரிடமும் மூன்று பொருள் வேண்டும்: புதைந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டும், 457 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் டிரான்ஸ்சீவர் என்ற வானொலிக் கருவி, 240 சென்டிமீட்டராவது நீளமுள்ள துழாவுகம்பி, உலோக மண்வாரி. ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் வீண். புதைந்தவருக்கு முதல் பத்துப் பதினைந்து நிமிடமே பெரிய வாய்ப்பு. கம்பி ஆளைத் தொட்டதும் அதை உருவாதீர்கள், அங்கேயே நிற்கட்டும். நேர்மேலே நின்று தோண்டினால் அவருடைய மூச்சிடத்தை நாமே மிதித்து நசுக்குவோம். பள்ளப்பக்கம் இறங்கி நின்று பக்கவாட்டில் தோண்ட வேண்டும்.

இவ்வளவு அபாயத்தையும் நானே சொல்லிவிட்டேன், எதிரணி சிரிக்கிறது. சிரிக்கட்டும், கேள்வி இதுதான்: இதே சரிவின் அடியில் வழுவழுப்பான புல் இருக்கிறதா, பெரும்பாறைகள் இருக்கின்றனவா? புல்லென்றால் பனி முழுத்தடிமனோடு அப்படியே வழுக்கி இறங்கும். பாறையென்றால், அவை மூடப்படும்வரை ஓரளவு பிடித்து நிறுத்தும். கீழே ஓடைப் பள்ளம் எவ்வளவு ஆழம்? சின்னப் பனிச்சரிவுகூட அங்கே ஆளை ஆழப் புதைத்துவிடும். முகட்டில் காற்று செதுக்கிய பனிக்கூரை வெளியே நீண்டிருக்கிறதே, அதற்கு அடியில் பாறை விளிம்பு எங்கே முடிகிறது? இவை எதுவும் பனியில் தெரியாது. கோடையில் அங்கே வியர்வை சிந்தியவருக்குத் தெரியும். தை மாதத்து முடிவுக்கு ஆடி மாதத்து நடைதான் வரைபடம்.

ஏறும் வேலையிலும் ஒரு சுகம் உண்டு. பனியில் ஏறவும் சறுக்கி இறங்கவும் காலில் மாட்டும் நீண்ட பலகைதான் ஸ்கீ. அதன் அடியில் ஒட்டும் மயிர்ப்பட்டையை ஸ்கின் என்பார்கள். முன்னே வழுக்கும், பின்னே பிடிக்கும். ஸ்கீயைத் தூக்காமல் உழுவதுபோல் இழுத்தால் மூச்சும் அடியும் ஒரு தாளத்தில் சேரும். கெடுப்பது ஈரம். பசையில் பனித்தூள் பட்டால் ஒட்டாது. ஆகவே கழற்றியதும் பசைமுகங்களை மடித்து ஒட்டி, சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வைக்க வேண்டும்.

பின்பனி கழிந்து இளவேனில். இரவில் உறைந்த மேற்பரப்பு காலை வெயிலில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் இளகும். அதன் கீழே கல்போல இறுகிய அடித்தளம். ஸ்கீயின் விளிம்பு சர்க்கரைப் பாகில் கரண்டி ஓடுவதுபோல ஓடும். கிழக்குச் சரிவு முதலில் கனியும், பிறகு தெற்கு, கடைசியில் மேற்கு. நம் சரிவு கிழக்கு, ஆகவே இருட்டிலேயே கிளம்ப வேண்டும். கால் கணுக்கால்வரை புதைந்தால் நேரம் கடந்துவிட்டது. அதற்குப் பிறகு ஈரப்பனி சரியும். இரவு மேகம் மூடியிருந்தால் உறையவே உறையாது, அன்று படுத்துத் தூங்கலாம். அந்தக் கனிந்த பதம் சில நாளில் ஒரு மணி நேரம்கூட நிற்காது.

எதிரணியில் அடுத்துப் பேச வரும் அம்மா இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்: நீங்கள் சொன்ன அந்த இரண்டு மாதத்தில், இந்த ஒரு மணி நேரம் எந்த நாளில் வருகிறது?