நான்கு மொழியில் ஒரே சோற்று உருண்டை

வணக்கம் நேயர்களே. தென்னிந்திய மொழிப் படங்களில் நடித்த ஒரு நடிகையைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டார்கள். யாரைப் பற்றி என்பதை என் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். நான் நாகர்கோவில் பக்கத்துக்காரன். தமிழ்ப் படத்துக்கு வடக்கே ஒரு பஸ், மலையாளப் படத்துக்கு மேற்கே ஒரு பஸ் என்று வளர்ந்தவன். அப்படி வளர்ந்தவனிடம் கேட்டால் ஒரு பெயர்தான் வரும். சாரதா. ஊர்வசி சாரதா என்பார்கள். 'முந்தானை முடிச்சு' ஊர்வசி இல்லை, அவர் வேறு. இந்த ஊர்வசி ஒரு விருதின் பெயர். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

1969இல் தமிழில் 'துலாபாரம்' வந்தது. அம்மா என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனாள். விஜயா என்ற வசதியான வீட்டுப் பெண், ஒரு தொழிற்சங்கக்காரனைக் கட்டிக்கொள்கிறாள். அவன் கொல்லப்படுகிறான். மூன்று பிள்ளைகளோடு பட்டினி. கடைசியில் சோற்றில் விஷத்தைக் கலந்து பிள்ளைகளுக்கு ஊட்டிவிடுகிறாள். பிள்ளைகள் போய்விட, இவள் மட்டும் பிழைத்துக் கோர்ட்டில் நிற்கிறாள். கொட்டகையில் பெண்கள் பக்கமிருந்து வந்த அழுகைச் சத்தத்தில் வசனம் பாதி கேட்கவில்லை. 'பூஞ்சிட்டுக் கன்னங்கள்' பாட்டை இன்றைக்கும் ரேடியோவில் போட்டால் எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் எழுந்து போய்விடுவார்.

மறுநாள் மத்தியானம் அம்மா வழக்கம்போலச் சோற்றைப் பிசைந்து எங்கள் இரண்டு பேருக்கும் கையில் உருட்டிக் கொடுத்தாள். தம்பிக்கு ஆறு வயது. உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டே, "அம்மா, இதுல ஒண்ணும் கலக்கல்லையே?" என்று கேட்டான். "லே, பேசாம தின்னு" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

அந்தச் சோற்று உருண்டையைச் சாரதா நான்கு முறை பிசைந்திருக்கிறார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. முதலில் 1968இல் மலையாளம். தோப்பில் பாசியின் நாடகத்திலிருந்து எடுத்த படம் அது. 1969இல் தமிழும், 'மனுஷுலு மாராலி' என்று தெலுங்கும். 1970இல் 'சமாஜ் கோ பதல் டாலோ' என்று இந்தி. கதாநாயகன் மொழிக்கு மொழி மாறினார். தாய் மட்டும் மாறவில்லை. வேறு நடிகையைப் போட எந்தத் தயாரிப்பாளருக்கும் மனம் வரவில்லை போலிருக்கிறது. ஒரு நடிகை தன் பிள்ளைகளை இத்தனை தடவை கொன்று, ஒவ்வொரு தடவையும் புதிதாகத் துடித்தாக வேண்டும் என்றால், அது என்ன மாதிரி வேலை என்று யோசித்துப் பாருங்கள்.

இவர் பிறந்தது ஆந்திராவில், தெனாலியில், 1945இல். இயற்பெயர் சரஸ்வதி தேவி. சினிமாவுக்காக வைத்த சாரதா என்பதும் சரஸ்வதியின் பெயர்தான், ஆகப் பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. 1961இல் 'இத்தரு மித்ருலு' என்ற தெலுங்குப் படத்தில் தொடக்கம். தெலுங்குக்காரர்கள் இவரைச் சிரிக்க வைக்கிற சின்ன வேடங்களுக்குத்தான் முதலில் வைத்துக்கொண்டார்கள். தமிழில் 1963இல் சிவாஜியோடு 'குங்குமம்'. 'சின்னஞ்சிறிய வண்ணப் பறவை' பாட்டு எல்லோருக்கும் தெரியும், அந்தப் படத்தில் சாரதா இருந்தார் என்று சொன்னால்தான் அப்படியா என்பார்கள்.

1965இல் மலையாளத் தயாரிப்பாளர் குஞ்சாக்கோ 'இணப்பிராவுகள்' படத்துக்காக இவரை மலையாளத்துக்கு அழைத்துப் போனார். அதே வருடம் எம்.டி. வாசுதேவன் நாயர் எழுதிய 'முறப்பெண்ணு'. அதன் இயக்குநர் ஏ. வின்சென்ட். தமிழர்களுக்கு அவர் ஸ்ரீதரின் ஒளிப்பதிவாளர். 'நெஞ்சில் ஓர் ஆலயம்', 'காதலிக்க நேரமில்லை' எல்லாம் அவர் கேமரா. மலையாளத் 'துலாபார'த்தை இயக்கியவரும் அவரே. ஒரு கேமராக்காரர்தான் இந்த முகத்தைச் சரியாகப் பார்த்தார் என்பது என் கட்சி. வசனகர்த்தாவின் காதுக்கு அது அகப்பட்டிருக்காது.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், மலையாளத்தில் சாரதாவின் பல படங்களில் ஒலித்தது அவர் குரலே இல்லை. டி.ஆர். ஓமனா என்ற நடிகை பின்னணியில் பேசினார். தெனாலிப் பெண்ணின் முகம், ஆலப்புழைப் பெண்ணின் குரல். கேரளத்தில் என் சிநேகிதர்கள் பலர் அதைச் சாரதாவின் சொந்தக் குரல் என்றே நினைத்திருந்தார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நாக்கு தன்னுடையது இல்லை என்று தெரிந்த நடிகை, மீதி எல்லாவற்றையும் கழுத்திலும் கண்ணிலும் வைத்துக்கொள்ளப் பழகியிருப்பார். சாரதா அழும்போது கவனியுங்கள், முதலில் தோள்தான் இறங்கும். கண்ணீர் அப்புறம் வரும்.

அன்றைய தமிழ்ப் படத்தில் நடிகையின் தரத்தை அவர் பேசும் வசனத்தை வைத்து எடை போட்டோம். கோர்ட் காட்சியில் எத்தனை பக்கம் பேசினாள், எத்தனை கைதட்டல் வந்தது என்பதுதான் தராசு. அந்தத் தராசில் சாரதா நிற்கவில்லை. 'துலாபாரம்' இத்தனை பேரை அழவைத்த பிறகும் தமிழ் சினிமா அவரைத் தங்கவைத்துக்கொள்ளவில்லை. இத்தனைக்கும் அந்தக் காலத்தில் தென்னிந்திய மொழிப் படங்களைப் பெரும்பாலும் சென்னையில்தான் பிடித்தார்கள். கோடம்பாக்கத்தில் ஒரு தளத்தில் தெலுங்கு, பக்கத்துத் தளத்தில் மலையாளம். நடக்கிற தூரத்தில் இருந்தவரை விட்டுவிட்டோம்.

சரி, விருது. சிறந்த நடிகைக்கான தேசிய விருதுக்கு அப்போது 'ஊர்வசி' என்று பெயர். முதலில் வாங்கியவர் நர்கிஸ். அடுத்த ஆண்டு, 1968ஆம் ஆண்டுக்கான விருது, மலையாளத் 'துலாபார'த்துக்காகச் சாரதாவுக்கு. தென்னிந்தியாவுக்கு வந்த முதல் ஊர்வசி. பட்டம் பேரோடு ஒட்டிக்கொண்டது. 1972இல் அடூர் கோபாலகிருஷ்ணனின் முதல் படமான 'சுயம்வரம்' இரண்டாவது விருதைக் கொடுத்தது. மூன்றாவது 1978இல், பி.எஸ். நாராயணாவின் 'நிமஜ்ஜனம்'. அது தெலுங்கு. சொந்த மொழியிலிருந்து அந்த விருது வர, நடிக்க ஆரம்பித்துப் பதினேழு வருடம் ஆனது. அப்புறம் எண்பதுகளில் தெலுங்கு இவருக்கு அதட்டுகிற, எதிர்த்து நிற்கிற பெரிய மனுஷி வேடங்களைக் கொடுத்தது. 1996இல் தெனாலித் தொகுதியிலிருந்து தெலுங்கு தேசம் கட்சி உறுப்பினராக நாடாளுமன்றத்துக்கும் போனார். அரசியலைப் பற்றி எனக்கு அதிகம் சொல்ல இல்லை.

சொல்ல வேண்டியது 'எலிப்பத்தாயம்'. 1981. மறுபடி அடூர். ராஜம்மா வேடம். சோம்பேறிச் சகோதரனுக்கு வெந்நீர் வைத்து, சோறு போட்டு, தன் கல்யாணத்தைத் தொலைத்து, வயிற்று வலியில் சுருண்டு விழுகிற வரைக்கும் உழைக்கிறவள். படம் முழுக்க நீல நிற உடை. அந்த வீட்டில் அவள் நடக்கிற நடை ஒன்று போதும். அடுப்படிக்கும் தாழ்வாரத்துக்கும் இடையில் எத்தனை ஆயிரம் தடவை போய் வந்திருப்பாள் என்று கால் சொல்லும். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் கல்யாணமாகாமல் இருந்துவிட்ட அத்தைகள் அப்படித்தான் நடப்பார்கள். நான் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து என் பெரியத்தைக்கு ஒரு கடிதம் எழுதினேன். சும்மா, சௌக்கியமா என்று கேட்டு.

நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். 'சுயம்வர'த்தின் கடைசிக் காட்சியை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் தூர்தர்ஷன் விருதுப் படங்கள் போட்ட காலத்தில், பக்கத்து வீட்டுப் பெட்டியில் நான் பார்த்தது. ஊரை விட்டு ஓடிவந்து சேர்ந்து வாழ்ந்தவர்கள். விஸ்வம் செத்துப்போகிறான். சீதா கைக்குழந்தையோடு தனியே இருக்கிறாள். தாழ்ப்பாள் போட்ட கதவை யாரோ தட்டுகிறார்கள். சாரதா அந்தக் கதவைப் பார்க்கிறார். பார்த்துக்கொண்டே இருக்கிறார். பேச ஒரு வார்த்தை இல்லை, பேசிக்கொடுக்க இன்னொருத்தி குரலும் தேவையில்லை. படம் அங்கே முடிகிறது. வணக்கம்.