400 பேர் இருக்கிற குரூப்ல ஏழெட்டுப் பேர்தான் பேசுறாங்க, என்ன செய்றது?

அடுத்த கேள்வி. மாடித்தோட்ட வாட்ஸ்ஆப் குரூப் நடத்துற ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "குரூப்ல 400 பேர் இருக்காங்க. பேசுறது ஏழெட்டுப் பேர்தான். கெஞ்சிக் கேட்டாச்சு, போட்டியும் வெச்சுப் பார்த்தாச்சு. பேசாதவங்களை எடுத்துடலாமா?"

எடுக்காதீங்கம்மா. முதல்ல கணக்கைப் பார்ப்போம். இணையக் குழுக்களைப் பத்தி, இணையதளங்களை ஜனங்க எப்படிப் பயன்படுத்துறாங்கன்னு ஆராயுற ஜேக்கப் நீல்சன் 2006ல ஒரு கணக்கு சொன்னார். நூறு பேர்ல 90 பேர் படிக்க மட்டும் செய்வாங்க, 9 பேர் எப்பவாவது பேசுவாங்க, ஒருத்தர்தான் ஓயாமப் பேசுவார். தோராயமான கணக்குதான். ஆனா 400 பேருக்குப் போட்டுப் பாருங்க: ஓயாமப் பேசுறவங்க 4, எப்பவாவது பேசுறவங்க 36. உங்ககிட்ட ஏழெட்டுப் பேர் இருக்காங்க, அது குறைச்சல் இல்லை. காணாமப் போயிருக்கிறது நடுவுல இருக்க வேண்டிய அந்த 36 பேர். அவங்களைப் பிடிக்கிறதுதான் உங்க வேலை.

அவங்க ஏன் வாயைத் திறக்கிறதில்லை? முக்கால்வாசி, முதல் தடவை கேட்டப்போ கிடைச்ச அனுபவம்தான் காரணம். ஒருத்தர் மங்கலா ஒரு படம் போட்டு, "மிளகாய்ச் செடியில இலை சுருண்டு போச்சு, என்ன பண்றது?"னு கேட்கிறார்னு வைங்க. ரெண்டு பேர் "வேப்பெண்ணெய் அடிங்க"ம்பாங்க. ஒருத்தர் "இதைப் பத்தி முன்னாடியே பேசியாச்சு, மேல போய்த் தேடுங்க"ம்பார். கேட்டவர் அதோட சரி, திரும்ப வரமாட்டார். அதே கேள்விக்கு இப்படிக் கேட்டுப் பாருங்க: "இலை மேல்பக்கமா மடங்குதா, கீழ்ப்பக்கமா மடங்குதா? ஒரு இலையைத் திருப்பி அடிப்பக்கத்தை வெயில்ல வெச்சுப் படம் எடுத்துப் போடுங்க." மேல்பக்கமா மடங்கினா பெரும்பாலும் இலைப்பேன், கீழ்ப்பக்கமா மடங்கினா சிலந்திப்பேன். அவர் மாடிக்குப் போய்ப் பார்த்துட்டு, படத்தோட திரும்பி வருவார். ரெண்டாவது பதிவு வந்துடுச்சு. அடுத்த வாரம் செடி எப்படி இருக்குன்னு நீங்களே ஒரு வார்த்தை விசாரிச்சா, மூணாவதும் வரும். மூணு தடவை பேசினவருக்கு அப்புறம் கூச்சம் இருக்காது.

இதுல அட்மின்கள் செய்ற ஒரு தப்பைச் சொல்லியே ஆகணும். கேள்வி வந்த அடுத்த நிமிஷமே முழுப் பதிலையும் தானே எழுதிடுறது. நல்ல மனசோட செய்றதுதான். ஆனா பதில் தெரிஞ்ச மத்தவங்களுக்குப் பேச இடமே இல்லாமப் போயிடும். ரெண்டு மூணு மணி நேரம் பொறுங்க. அந்தச் செடியை வளர்க்கிற ரெண்டு பேரைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க: "அக்கா, உங்க வீட்ல போன மாசம் இதே மாதிரி ஆச்சே, என்ன செஞ்சீங்க?" பொதுவா "யாராவது சொல்லுங்களேன்"னா யாரும் சொல்லமாட்டாங்க. ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி, பதில் வராத கேள்வி ஏதாவது தொங்குதான்னு பார்த்து, அதுக்கு மட்டும் நீங்க எழுதுங்க. பூச்சிமருந்து அளவை யாராவது தப்பாச் சொன்னா மட்டும் பொறுக்காதீங்க, உடனே திருத்திடணும். ஆனா ஆளைக் குத்தாம, அளவை மட்டும் திருத்துங்க.

கேள்வி கேட்கிறதுக்கு ஒரு மாதிரி எழுதி, குரூப்ல மேலயே நிக்கிற மாதிரி பின் (pin) பண்ணி வைங்க. முழுச் செடி ஒரு படம், இலையோட அடிப்பக்கம் ஒரு படம், தொட்டி எவ்வளவு பெருசு, நட்டு எத்தனை நாள், தண்ணி எப்போ ஊத்துறீங்க. அவ்வளவு போதும். வாட்ஸ்ஆப்ல பின் அதிகபட்சம் 30 நாள்தான் நிக்கும், அதனால மாசம் ஒரு தடவை திரும்பப் போடணும்.

நீங்க கேட்கிற கேள்வி சின்னதா இருக்கட்டும். "உங்க தோட்டத்தைப் பத்திச் சொல்லுங்க"ன்னா மலைச்சுப் போயிடுவாங்க. "யார் வீட்ல கத்தரி பூ விட்டிருக்கு?"ன்னா பத்துப் பேர் படம் போடுவாங்க. ஆடிப்பட்டத்துக்கு முன்னாடி ஒரு வாக்கெடுப்பு வைங்க. ஒரு வாக்கெடுப்புல 12 விருப்பம் வரைக்கும் போடலாம்: வெண்டை, அவரை, புடலை, பாகல்னு. ஒரே காயைத் தொட்டவங்களை ஒண்ணா டேக் பண்ணி, விதை மாத்திக்கச் சொல்லுங்க. விதை கொடுக்கிறவங்களுக்குப் பேச ஒரு காரணம் கிடைக்குது, வாங்கினவங்க முளைச்சதைக் காட்டியே ஆகணும். கவர் மேல ரகமும் விதை எடுத்த மாசமும் எழுதச் சொல்லுங்க, இல்லேன்னா முளைக்காத விதைக்காகச் சண்டை வரும்.

போட்டி, பரிசு எல்லாம் நிறுத்திடுங்க. பதிவு எண்ணிக்கைக்குப் பரிசுன்னா "சூப்பர்", "அருமை"ன்னுதான் குவியும். குட்மார்னிங் படங்களுக்கு அரட்டைன்னு தனி குரூப் திறந்து, ரெண்டையும் ஒரே கம்யூனிட்டிக்குள்ள (பல குரூப்பை ஒண்ணா வைக்கிற வாட்ஸ்ஆப் வசதி) வெச்சுடுங்க. போடுறவங்களைச் சபையில திட்டாதீங்க, தனியாச் சொன்னாக் கேட்டுப்பாங்க. தொந்தரவு தாங்கலைன்னு அட்மின் மட்டும் எழுதலாம்னு பூட்டிடாதீங்க, கேள்வி கேட்கவே வழி இல்லாமப் போயிடும்.

ரொம்ப முக்கியமான ஒண்ணு இருக்கு. சாதாரண குரூப்ல எல்லாரோட நம்பரும் எல்லாருக்கும் தெரியும். ஒரு பெண் முதல் தடவையா ஒரு படம் போட்ட அன்னிக்கே யாரோ தனியா "ஹாய்"னு அனுப்பினா, அவங்க அதுக்கப்புறம் பேசமாட்டாங்க, ஏன்னும் உங்ககிட்ட சொல்லமாட்டாங்க. கேட்காம தனிச் செய்தி அனுப்பக் கூடாதுன்னு குரூப் விவரத்துல எழுதி வைங்க. புகார் வந்தா எத்தனை வருஷப் பழக்கமானவரா இருந்தாலும் அன்னிக்கே எடுத்துடுங்க.

தமிழ்ல டைப் பண்ண வராதவங்க குரல் பதிவு போடட்டும், தங்கிலீஷ்ல எழுதட்டும், பிழை திருத்தாதீங்க. குரல் பதிவு ஒரு நிமிஷத்துக்கு மேல போக வேண்டாம். எந்தச் செடி, என்ன பிரச்சனைன்னு கீழ ஒரு வரி இருந்தா பின்னாடி தேட உதவும்.

இதெல்லாம் வேலை செய்யுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? எத்தனை மெசேஜ் வந்துச்சுன்னு எண்ணாதீங்க. ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து, அந்த வாரம் எத்தனை வேற வேற ஆளுங்க பேசினாங்க, அதுல முதல் தடவை பேசினவங்க யாரு, பதில் வராத கேள்வி எத்தனைன்னு ஒரு நோட்டுல குறிங்க. கடைசி எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வந்தப்புறம் பாருங்க, முதல் எண்ணிக்கை மெதுவா ஏற ஆரம்பிக்கும்.