கர்த்தருடைய வேலைக்கு லீவு உண்டா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

பிரியமானவர்களே, இந்த வாரம் குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேள்வி அனுப்பியிருக்கிறார். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். கேள்வியை அப்படியே வாசிக்கிறேன்.

“ஐயா, நான் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஞாயிறு வந்தால் காலையில் ஞாயிறு பள்ளி, அப்புறம் ஆராதனையில் பாடகர் குழு, மத்தியானம் பெண்கள் ஐக்கிய சங்கம், சாயங்காலம் வீட்டு ஜெபக்கூட்டம். மே மாதம் வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி, டிசம்பரில் ராத்திரி கேரல். இப்போது கொஞ்ச நாளாக வேதத்தைத் திறந்தாலே தூக்கம் வருகிறது. வீட்டில் பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறேன். ஒரு மாதம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இருக்கலாமா என்று தோன்றுகிறது. அப்படி நினைப்பதே பாவம் போலவும் இருக்கிறது. கர்த்தருடைய வேலைக்கு லீவு உண்டா?”

உண்டு, சகோதரி. இந்தப் பதிவை முழுக்கப் பார்க்க நேரமில்லாவிட்டாலும், அதை மட்டும் கேட்டுவிட்டுப் போங்கள்.

மாற்கு 6-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சீஷர்கள் இரண்டிரண்டு பேராக ஊழியத்துக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறார்கள். செய்ததையெல்லாம் இயேசுவிடம் சொல்கிறார்கள். வருகிறவர்களும் போகிறவர்களுமாக ஒரே கூட்டம். சாப்பிடக்கூட அவர்களுக்கு நேரமில்லை. அப்போது அவர், “வனாந்தரமான ஓர் இடத்தில் தனித்துச் சற்றே இளைப்பாறும்படி போவோம் வாருங்கள்” என்கிறார். சீஷர்கள் யாரும் லீவு கேட்கவில்லை. ஊழியத்துக்கு அனுப்பினவரே ஓய்வுக்கும் கூப்பிடுகிறார். அப்படியானால் ஓய்வு எடுப்பது அவருக்கு விரோதமான காரியமாக எப்படி இருக்கும்?

இங்கே ஒரு கேள்வி வரும், வர வேண்டும். போன இடத்தில் ஜனங்கள் முந்திப் போய் நின்றார்களே, ஆண்டவர் மனதுருகி உபதேசம் பண்ணினாரே, ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்தாரே, ஓய்வைத் தள்ளிவிட்டார் இல்லையா என்று. நம் கன்வென்ஷன் மேடைகளில் பலமுறை இதோடு நிறுத்திவிடுகிறோம். நீங்கள் 45, 46-ஆம் வசனங்கள் வரைக்கும் வாசியுங்கள். சாப்பாடு முடிந்த உடனே சீஷர்களைப் படவில் ஏறச் சொல்லித் துரிதப்படுத்துகிறார். ஜனங்களைத் தாமே அனுப்பிவிடுகிறார். பிறகு ஜெபம்பண்ண மலைக்குப் போகிறார். சீஷர்களுக்கு அந்த ராத்திரி எதிர்க்காற்றில் தண்டு வலிக்கிற ராத்திரியாகத்தான் போனது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் அவர் தமக்கான தனிமையைக் கைவிடவில்லை. பகலில் கிடைக்காததைச் சாயங்காலத்துக்குத் தள்ளி வைத்து எடுத்துக்கொண்டார்.

“ஜனங்களை அனுப்பிவிட்டு” என்ற அந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அந்தக் கூட்டத்தில் வியாதியஸ்தர் ஒருவர்கூட மிச்சமில்லை என்றா நினைக்கிறீர்கள்? கப்பர்நகூமில், மாற்கு முதல் அதிகாரத்தில், “உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்” என்று சீமோன் வந்து சொன்னபோதும் அவர் அடுத்த ஊர்களுக்குப் போகலாம் என்றுதான் சொன்னார். தேவை இருக்கிற இடத்திலெல்லாம் நிற்க வேண்டும் என்று பிதா அவருக்குச் சொல்லவில்லை. உங்களுக்கும் சொல்லவில்லை.

உங்கள் ஊர்ப்பக்கம் ரப்பர் தோட்டம் இல்லாத இடம் குறைவு. பால்வெட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒன்றுவிட்டு ஒருநாள் வெட்டுவார்கள். ஆசைப்பட்டு ஓயாமல் வெட்டினால் முதலில் பால் கூடுதலாகக் கிடைக்கும், பிறகு பட்டை காய்ந்துவிடும். மரம் பச்சையாகத்தான் நிற்கும், இலை இருக்கும், நிழல் இருக்கும். கத்தி வைத்தால் சிரட்டையில் ஒன்றும் விழாது. சகோதரி, ஒரு கூட்டத்துக்கும் தவறாமல் போகிற நீங்கள் வேதத்தைத் திறந்தால் தூங்கிவிடுகிறேன் என்று எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

எலியா தீர்க்கதரிசியைப் பாருங்கள், 1 இராஜாக்கள் 19. கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகளுக்கு எதிராக அவ்வளவு பெரிய வெற்றி. அப்புறம் சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் ஆண்டவரே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறார். கர்த்தர் உடனே அவருக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டார். தலைமாட்டில் தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொள்கிறார், அதற்கும் கண்டிப்பு இல்லை. இரண்டாம் தரமும் தூதன் எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான், பிரயாணம் வெகுதூரம் என்கிறான். ஓரேப் மலைக்குப் போன பிறகுதான் பேச்சு. அங்கே கிடைத்த கட்டளைகளில் ஒன்று, எலிசாவை உன் ஸ்தானத்தில் அபிஷேகம்பண்ணு என்பது. நான் ஒருவன்தான் மீதி என்று சொன்னவருக்கு ஒரு துணையாளையும், பாகாலுக்கு முழங்கால் முடக்காத ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்ற செய்தியையும் கொடுத்தார்.

இதை வைத்து இன்னொரு காரியமும் சொல்ல வேண்டும். அசதி என்றாலே ஜெபம் குறைந்துவிட்டது என்று யாராவது உங்களிடம் சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். தூங்கி எழுந்தும் அசதி தீரவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். இரத்தசோகை, தைராய்டு இவையெல்லாம் நம் பெண்களுக்குச் சாதாரணமாக வருகிறவை. ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அது அவிசுவாசம் ஆகாது.

இப்போது சகோதரியை விட்டுவிட்டு, அவர்கள் வீட்டாரிடமும் சபையாரிடமும் பேசுகிறேன். உபாகமம் 5:14-ல் ஓய்வுநாள் கட்டளை வருகிறது. நீ மட்டும் சும்மா இரு என்று அது சொல்லவில்லை. உன் குமாரன், குமாரத்தி, வேலைக்காரன், வேலைக்காரி, எருது, கழுதை, வாசலில் இருக்கிற அந்நியன், எல்லாருக்கும் ஓய்வு. “உன்னைப்போல” அவர்களும் இளைப்பாற வேண்டும். நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய், அதை நினை என்கிறது அடுத்த வசனம். ஞாயிற்றுக்கிழமை நாம் கோவிலிலிருந்து வந்து சாய்ந்துவிடுகிறோம். மீன் வெட்டுகிறவர் யார்? தேங்காய் திருவுகிறவர் யார்? எல்லாரும் சாப்பிட்ட பாத்திரத்தைக் கழுவிவிட்டு மூன்று மணிக்கு சங்கத்துக்கு ஓடுகிறவர் யார்? வீட்டில் ஒரு ஆளை ஓட்டிக்கொண்டு மற்றவர்கள் எடுக்கிற ஓய்வு கர்த்தர் சொன்ன ஓய்வு அல்ல, ஐயாமாரே.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர்கள் பலவற்றில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத வழக்கம் உண்டு. அது ஊர்க் கட்டுப்பாடு. பக்கத்து வீட்டு வள்ளம் போகாதபோது நான் மட்டும் பிழைப்பை இழக்கிறேன் என்ற பயம் யாருக்கும் இல்லை. எல்லாரும் சேர்ந்து ஏற்பாடு பண்ணினால் ஓய்வு எடுக்கிறவருக்குக் குற்ற உணர்ச்சி வராது. சபைகளிலும் அதே மாதிரி செய்யலாமே. ஒரு வகுப்புக்கு இரண்டு டீச்சர், மாதம் விட்டு மாதம். கேட்டால் ஆள் இல்லை என்கிறோம். ஏற்கெனவே செய்கிறவரையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டால் புது ஆள் எங்கிருந்து வருவார்?

நெய்யூர் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சாமர்வெல்லைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1922-ல் எவரெஸ்ட் ஏறப் போன குழுவில் இருந்தவர். அது முடிந்து நெய்யூரைப் பார்க்க வந்தார். நோயாளிகள் கூட்டத்தையும் டாக்டர் பற்றாக்குறையையும் கண்டு, லண்டனில் பெரிய சர்ஜனாக ஆகியிருக்கக்கூடிய வாழ்க்கையை விட்டு இங்கே தங்கினார். இருபது வருஷத்துக்கும் மேல் நம் ஜனங்களுக்கு ஆபரேஷன் செய்தார். அப்படிப்பட்டவர் மலையேறுவதை விட்டுவிடவில்லை. 1924-ல் மறுபடி எவரெஸ்டுக்குப் போய், ஆக்சிஜன் இல்லாமல் 28,000 அடி வரைக்கும் ஏறினார். ஓவியமும் வரைந்தார், மலைகளை வரைந்து வரைந்து தீரவில்லை அவருக்கு. நெய்யூரின் பெஞ்சில் நோயாளிகள் காத்திருந்தார்கள்தான். அவர் போனார், வந்தார், பல வருஷம் நின்று உழைத்தார்.

சரி, ஓய்வு என்ற பெயரில் ஒன்றும் செய்யாமல் இருப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு இந்தப் பதில் இல்லை. அவர்கள் இப்படிக் கேள்வி எழுதி அனுப்புவதும் இல்லை.

சகோதரி, ஒரு மாதம் எல்லாவற்றையும் விட வேண்டாம், ஆராதனையை விடாதீர்கள். பின்வரிசையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து, பொறுப்பு எதுவும் இல்லாமல் ஆராதியுங்கள். மற்றவற்றில் உங்களுக்குக் கர்த்தர் கொடுத்தது என்று நிச்சயமாகத் தெரிகிற ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு என்னவோ அது ஞாயிறு பள்ளி என்றுதான் தோன்றுகிறது, முதலில் அதைத்தானே எழுதினீர்கள். பாடகர் குழுவையும் சங்கப் பொறுப்பையும் கிறிஸ்துமஸ் வரைக்கும் இன்னொருவர் பார்க்கட்டும். நடுவில் யாராவது இறந்துபோனார்கள், ஒரு வீட்டில் கஷ்டம் என்றால் போங்கள். போய்விட்டு வந்து, அந்த ஓய்வை வேறொரு நாளில் எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் போதகரிடம் நேரில் பேசுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், தப்பாகப் புரிந்துகொள்ள வாய்ப்பு உண்டு. கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஐயா, எனக்கு அசதியாக இருக்கிறது, டிசம்பர் வரைக்கும் ஞாயிறு பள்ளி மட்டும் எடுக்கிறேன் என்று சொன்னால் போதும், நீளமான விளக்கம் வேண்டாம். அவர் யோசித்தால் இந்த வீடியோவைக் காட்டுங்கள்.