மெரினாவுக்கு ஒரு பதில் (பட்டிமன்ற உரை)

நடுவர் அவர்களே, ரெண்டு அணி நண்பர்களே, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறமும் தூங்காம உட்காந்திருக்கிற மாணவச் செல்வங்களே, வணக்கம்.

தலைப்பு தெரியும்ல, பல்கலைக்கழக ஆராய்ச்சியாளரை இழுத்துட்டுப் போறது வியப்பா, தேவையா? நான் வியப்பு அணி.

எதிரணித் தலைவர் ஐயா 1943 வங்காளப் பஞ்சத்தைப் பாத்துத்தான் எம்.எஸ். சுவாமிநாதன் விவசாய ஆராய்ச்சிக்கு வந்தார்னு சொன்னாங்க. உண்மை. நான் மறுக்கல, அந்த மனுஷனை கையெடுத்துக் கும்பிடணும். அதோட நிறுத்தியிருக்கலாம்ல ஐயா? போற போக்குல ஒண்ணு சொன்னீங்க, "சும்மா வியந்து வேடிக்கை பாக்கணும்னா மெரினாவுக்குப் போங்க, கடலைப் பாத்த மாதிரியும் இருக்கும், சுண்டல் சாப்பிட்ட மாதிரியும் இருக்கும், அதுக்கு எதுக்கு யுனிவர்சிட்டி"ன்னு. கைத்தட்டல் பிச்சுக்கிச்சு. நானும்தான் தட்டினேன்.

ஆனா ஐயா, எந்த ஊர்ல நின்னுட்டு எதைக் கேட்டுட்டீங்க! கடலை வேடிக்கை பாத்தவருக்கு நோபல் பரிசே கொடுத்திருக்காங்களே!

1921. நம்ம திருச்சியில பொறந்த சி.வி. ராமன் அப்போ கல்கத்தா யுனிவர்சிட்டியில புரொபசர். ஏற்கெனவே பைனான்ஸ் டிபார்ட்மென்ட்ல பெரிய கவர்மென்ட் உத்தியோகம் பாத்தவர், அதை விட்டுட்டு, சம்பளம் குறைஞ்சாலும் பரவாயில்லன்னு 1917ல இந்த வேலைக்கு வந்தார். தேவைதான் மனுஷனை நடத்துதுன்னா அந்த நாற்காலியை விட்டு எந்திரிச்சிருப்பாரா சொல்லுங்க? சரி, ஆக்ஸ்போர்டுல ஒரு மாநாடு, போயிட்டு நார்குண்டாங்கிற கப்பல்ல திரும்பி வர்றார். மத்தியதரைக் கடல். அப்படி ஒரு நீலம். நம்மள மாதிரி ஆளா இருந்தா ஆகா எவ்ளோ அழகுன்னு சொல்லிட்டு சாப்பாட்டு மணி அடிச்சாச்சான்னு பாக்கப் போயிருப்போம். இவர் போகல. நின்னார்.

அந்தக் காலத்துல கடல் ஏன் நீலம்னு கேட்டா இங்கிலாந்து விஞ்ஞானி ரேலி பிரபு சொன்ன பதில்தான் பதில், அது வானத்தோட நீலம் தண்ணியில தெரியுறது, அவ்வளவுதான்னு. நோபல் வாங்கின மேதை சொல்லியாச்சு, யாரு மறுபடி கேக்கப் போறா? நம்ம ஆளு கேட்டார். அவர் கையில நிக்கோல் பிரிசம்னு ஒண்ணு, கால்சைட் கல்லை வெட்டி ஒட்டிச் செஞ்சது, கையடக்கமா இருக்கும். அதைக் கண்ணுக்கு நேரா வச்சு, சரியான கோணத்துல திருப்பினா தண்ணி மேல பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் மட்டும் அடங்கிடும். அப்போ ரேலி சொன்னது சரின்னா என்ன ஆகணும்? தெறிக்கிற வானம் போச்சுன்னா நீலமும் போகணும்ல? திருப்பினார். நீலம் போகல. இருங்க இருங்க, இதை இன்னொரு தடவை சொல்றேன், ஏன்னா எத்தனை தடவை சொன்னாலும் எனக்குப் புல்லரிக்குது, வானத்தை அழிச்சிட்டார், அழிச்சும் கடல் நீலமாவே இருந்துச்சு, முன்னைவிட நல்லாவே தெரிஞ்சுது! அப்போ அந்த நீலம் வானம் கொடுத்த கடன் இல்ல, தண்ணி சிவப்பு வெளிச்சத்தை உறிஞ்சிக்கிறதாலயும், அதோட மூலக்கூறு மிச்ச வெளிச்சத்தைச் சிதறடிக்கிறதாலயும் வர்ற சொந்த நீலம். கப்பல் பம்பாய்த் துறைமுகம் வந்ததும் அங்கிருந்தே 'நேச்சர்' அறிவியல் இதழுக்குக் கடிதம்.

அதோட விட்டாரா? ஏழு வருஷம்! நம்ம வத்திராயிருப்புல பொறந்த கே.எஸ். கிருஷ்ணனையும் சேத்துக்கிட்டு, கல்கத்தா பவ்பஜார்ல இருந்த லேப்ல, திரவம் திரவமா எடுத்து சுத்தம் பண்ணி வெளிச்சத்தைப் பாய்ச்சிப் பாத்தாங்க. கருவி என்னன்னு நினைக்கிறீங்க? வெயில்தான் விளக்கு. உள்ள போற வெளிச்சத்துக்கு நீல-ஊதா வடிகட்டி, வெளிய வர்றதுக்கு பச்சை வடிகட்டி, பாக்கிறதுக்கு சொந்தக் கண்ணு. 1928 பிப்ரவரி 28, ராமன் விளைவு, அதாவது பொருள்ல பட்டுச் சிதறுற வெளிச்சத்துல ஒரு துளி நிறம் மாறி வருது, அந்த மாற்றம் பொருளுக்குப் பொருள் வேற வேற. 1930ல நோபல். இன்னைக்கு ஏர்போர்ட்ல கஸ்டம்ஸ்காரங்க பாட்டிலைத் திறக்காமலே உள்ள இருக்கிறது போதைப்பொருளான்னு பாக்குற கருவி அதே விளைவுலதான் ஓடுது. கப்பல்ல நின்னப்ப அவருக்கு என்ன கஸ்டம்ஸ், என்ன போதைப்பொருள்?

ஐயா, இது உங்க சுண்டலுக்கான பதில்.

இன்னும் ஒண்ணு சுருக்கமா சொல்லிடுறேன். கொரோனா காலத்துல மூக்குல குச்சி விட்டாங்களே, அந்த பிசிஆர் டெஸ்ட். வைரஸோட மரபுப் பொருளை நகலெடுத்துப் பெருக்குறதுக்காக மாதிரியை 95 டிகிரி வரைக்கும் சூடாக்குவாங்க, நகலெடுக்கிற வேலையைச் செய்யுற புரதமான சாதாரண என்சைம் அதுல செத்துப்போயிடும். தாங்குற என்சைம் எங்க கிடைச்சுது? அமெரிக்காவுல இண்டியானா யுனிவர்சிட்டி தாமஸ் பிராக், 1960கள்ல யெல்லோஸ்டோன் பார்க் வெந்நீர் ஊத்துல கலர் கலரா ஏதோ வளருதேன்னு ஆச்சரியப்பட்டு, ஒரு மாணவனோட சேந்து பிரிச்செடுத்த பாக்டீரியாவுல. அப்போ பிசிஆரே கிடையாது.

முடிக்கப் போறேன் நடுவர் அவர்களே, மணியில கை வைக்காதீங்க.

விஞ்ஞானி காத்தலின் காரிகோ. ஹங்கேரியில கறிக்கடைக்காரர் மகள். 1985ல நாட்டை விட்டுப் போகும்போது, இருந்த காசை மகளோட கரடிப் பொம்மைக்குள்ள வச்சுத் தைச்சுக்கிட்டுப் போனாங்க. அமெரிக்காவுல எம்ஆர்என்ஏ, எம்ஆர்என்ஏன்னு (செல்லுக்கு எந்தப் புரதத்தைச் செய்யணும்னு சொல்ற மூலக்கூறு, பின்னாடி கொரோனா தடுப்பூசிக்கே அடிப்படையானது) அதே பைத்தியமா இருந்தாங்க, நிதி கேட்டா இல்லன்னாங்க, 1995ல பதவியையே இறக்கினாங்க. விடல. அவங்க அம்மா ஒவ்வொரு வருஷமும் நோபல் அறிவிப்பைக் கேப்பாங்களாம், உன் பேரைச் சொன்னாலும் சொல்லுவாங்கன்னு. மகளுக்குச் சிரிப்பு, நான் புரொபசரே இல்லையேம்மான்னு. அம்மா 2018ல இறந்துட்டாங்க. மகள் பேரை 2023ல சொன்னாங்க.

அந்தம்மா கேக்காமப் போனதை நினைச்சா எனக்கு இப்பவும் தொண்டை அடைக்குது. இங்க பின் வரிசையில பிஹெச்டி பண்ற பிள்ளைங்களோட அப்பா அம்மா நிறையப் பேர் இருக்கீங்க. எப்ப முடிப்ப, எப்ப சம்பாதிப்ப, எப்ப கல்யாணம்னு கேட்டுக் கேட்டு அதுங்க வீட்டுக்கு போன் பண்ணவே பயப்படுது. இன்னைக்கு ராத்திரி ஒரே ஒரு தடவை, நீ என்னத்தைப் பாத்துட்டு இருக்க கண்ணு, எனக்கும் சொல்லேன்னு கேளுங்க. புரியலன்னாலும் கேளுங்க.

தீர்ப்பை நீங்க சொல்லுங்க நடுவர் அவர்களே. வணக்கம்.